பார்பரா ஸ்டான்விக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அண்மையில் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் பார்பரா ஸ்டான்விக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல ஆண்டுகளாக அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவரும் நான் அவற்றுக்குச் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த பார்பரா ஸ்டான்விக்?

1907 முதல் 1990 வரை வாழ்ந்த அமெரிக்க நடிகை. 1920களின் இறுதியில், ஊமைப்படம் விடைபெற்றுப் பேசும்படம் வந்த நேரத்தில் திரைக்கு வந்து, 1960களின் நடுப்பகுதி வரை எண்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்தார். அதன் பிறகு தொலைக்காட்சியில் இன்னும் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். ஏமாற்றுக்காரி, செவிலி, தியாகத் தாய், கொலைகாரி, கேளிக்கை அரங்க ஆட்டக்காரி, பண்ணை முதலாளி என்று அவர் ஏற்காத வேடமே இல்லை என்று சொல்லிவிடலாம். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1999இல் வெளியிட்ட மாபெரும் நடிகையர் வரிசையில் அவருக்குப் பதினோராவது இடம் கிடைத்தது. என் மனத்தில் அவருக்கு அதைவிட மிக உயர்ந்த இடம் உண்டு. அதற்கான காரணங்கள் கீழே உள்ள விடைகளில் தாமாகவே விளங்கும்.

அவருடைய இளமைக் காலம் எப்படிப்பட்டது?

மிகவும் துயரமானது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உழைப்பாளிக் குடும்பமொன்றில் ஐந்தாவது குழந்தையாக, கடைக்குட்டியாகப் பிறந்தார். ரூபி கேதரின் ஸ்டீவன்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது, குடிபோதையில் இருந்த ஒருவன் தள்ளியதில் அவருடைய தாயார் டிராம் வண்டியிலிருந்து விழுந்து, அந்தக் காயத்தால் இறந்துபோனார். தந்தை சில நாட்களிலேயே பனாமா கால்வாய் வெட்டும் வேலைக்குக் கிளம்பிச் சென்றார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ரூபியை வளர்த்தவர் மேடை ஆட்டக்காரியாக இருந்த அக்காள் மில்ட்ரெட். அக்காள் ஊர் ஊராக நிகழ்ச்சிகளுக்குப் போகும் நாட்களில் குழந்தை யார் யார் வீட்டிலோ காசு கொடுத்து விடப்பட்டது. அந்த வீடுகளிலிருந்து சிறுமி ஓடிப்போய்விடுவதும், பழைய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அவளைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வாடிக்கையாக இருந்திருக்கிறது.

பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. கடையில் பொட்டலம் கட்டினார், தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார், பதினாறு வயதை ஒட்டி, அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஸீக்ஃபெல்ட் மேடைக் குழுவில் நடனப் பெண்களுள் ஒருத்தியாகச் சேர்ந்தார். பிற்காலத்தில் திரையில் அவர் ஒரு வேலைக்காரப் பெண்ணாகவோ, சூதாட்டக்காரியாகவோ வரும்போது அந்த நடையிலும் பேச்சிலும் ஒட்டவைத்த தன்மை துளியும் தெரியாது. பசியை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

'ஸ்டான்விக்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1926இல் நியூயார்க் பிராட்வேயில் 'தி நூஸ்', அதாவது 'தூக்குக் கயிறு' என்ற நாடகத்தில் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. நாடகத்தை எழுதி இயக்கிய வில்லர்ட் மாக்குக்கு ரூபி ஸ்டீவன்ஸ் என்ற பெயர் மேடைக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஒரு பழைய நாடக அறிவிப்புத் தாளில் 'பார்பரா ஃப்ரீட்சி' என்ற நாடகத்தின் பெயரும் ஜேன் ஸ்டான்விக் என்ற நடிகையின் பெயரும் இருந்தன. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாதியை எடுத்து இணைத்தார்கள். அடுத்த ஆண்டு 'பர்லெஸ்க்' நாடகம் பெருவெற்றி பெற்றபோது அந்தப் புதிய பெயர் நிலைத்துவிட்டது.

திரைப்படத்துக்கு வந்தவுடனேயே வெற்றி கிடைத்ததா?

இல்லை. தொடக்கப் படங்கள் எடுபடவில்லை, திரைச் சோதனைகளிலும் ஏமாற்றமே மிஞ்சியது. 1929இன் இறுதியில், அப்போது சிறிய நிறுவனமாக இருந்த கொலம்பியாவில் 'லேடீஸ் ஆஃப் லெஷர்' படத்துக்கு நாயகி தேடிக்கொண்டிருந்த இயக்குநர் பிராங்க் காப்ராவைச் சந்திக்கச் சென்றபோது அவர் நம்பிக்கையை முற்றிலும் இழந்திருந்தார். இரண்டொரு கேள்விகளுக்கு வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். காப்ராவும் இந்தப் பெண் வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த மனைவியைப் பார்த்துக் கொதித்துப்போன அவருடைய முதல் கணவர் பிராங்க் ஃபே தொலைபேசியில் அழைத்து, முன்பு எடுக்கப்பட்ட திரைச் சோதனை ஒன்றை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுமாறு காப்ராவை வற்புறுத்தினார். அது 'தி நூஸ்' நாடகத்தின் ஒரு காட்சி: தூக்கிலிடப்படப்போகும் காதலனின் உடலையாவது தன்னிடம் தரும்படி ஒரு பெண் கெஞ்சும் காட்சி. சில நிமிடங்களே ஓடும் அதைப் பார்த்துத் தொண்டை அடைத்துப்போன காப்ரா, வேறு எவரையும் தேடப்போவதில்லை என்று தீர்மானித்தார்.

படப்பிடிப்பு தொடங்கியதும் காப்ராவுக்கு இன்னொரு செய்தி தெரியவந்தது. ஸ்டான்விக் தன்னிடம் உள்ள அனைத்தையும் முதல் டேக்கிலேயே கொட்டிவிடுவார். இரண்டாவது, மூன்றாவது டேக்குகள் முதலாவதின் நிழலாகவே இருக்கும். ஒத்திகையில் முழுமையாக நடித்துவிட்டால் கேமரா ஓடும்போது கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே காப்ரா தம் வேலைமுறையையே அவருக்காக மாற்றிக்கொண்டார். மற்ற நடிகர்களை வைத்து ஒத்திகையை முடித்துக்கொள்வார், ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிடுவார், அதற்குப் பிறகே நாயகியைத் தளத்துக்கு அழைப்பார். ஓர் இயக்குநர் நடிகையை வளைக்காமல், நடிகையின் இயல்புக்கு ஏற்றபடி தளத்தை வளைத்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் காப்ராவின் மேல் மதிப்புக் கூடுகிறது. 1930இல் வெளியான அந்தப் படம் ஸ்டான்விக்கை நட்சத்திரமாக்கியது. இருவரும் சேர்ந்து மொத்தம் ஐந்து படங்கள் செய்தார்கள். அவற்றுள் கடைசியானது 1941இல் வந்த 'மீட் ஜான் டோ'.

'பேபி ஃபேஸ்' படத்தைச் சுற்றி ஏன் இத்தனை பேச்சு?

ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1934இன் நடுப்பகுதியிலிருந்துதான் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வந்த படங்கள், பின்னர் இருபது முப்பது ஆண்டுகளுக்கு எவரும் தொடத் துணியாத பொருள்களைத் தயக்கமின்றிப் பேசின. 1933இல் வெளிவந்த 'பேபி ஃபேஸ்' அவற்றுள் முதன்மையானது. கள்ளச்சாராயக் கடை நடத்தும் தந்தையால் ஆண்களுக்கு இரையாக்கப்பட்ட லில்லி என்ற பெண், நியூயார்க்குக்கு வந்து ஒரு வங்கிக் கட்டடத்தில் மாடி மாடியாக, ஆண் ஆணாக ஏறி உச்சிக்குப் போவதுதான் கதை. அவள் ஏற ஏறக் கேமராவும் அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் சன்னல் சன்னலாக மேலே நகரும்.

நியூயார்க் மாநிலத் தணிக்கையினர் ஒப்புக்கொள்ளாததால் சில காட்சிகளை வெட்டியும் வசனங்களை மாற்றியுமே அன்று படத்தை வெளியிட முடிந்தது. வெட்டுப்படாத மூலப் பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் 2004இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது வேறொன்று. லில்லி தன் கறுப்பினத் தோழி சிக்கோவை எந்த நிலையிலும் கைவிடுவதில்லை. தெரெசா ஹாரிஸ் நடித்த அந்தத் தோழியை வேலையைவிட்டு நீக்கச் சொல்லும்போதெல்லாம் லில்லியின் குரல் கடினமாகிவிடும். யாரையும் நம்பாத ஒருத்தி ஒரே ஓர் உறவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்பதை ஸ்டான்விக் அந்தக் குரலாலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்.

'ஸ்டெல்லா டாலஸ்' அழவைக்கும் படம் என்கிறார்களே, அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

அழவைப்பது உண்மைதான். அதை ஒரு குறையாக நான் கருதவில்லை. ஆலைத் தொழிலாளி குடும்பத்திலிருந்து வசதியான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட ஸ்டெல்லா, பகட்டான உடையும் உரத்த பேச்சுமாக அந்த உலகத்தோடு ஒட்டாமலே இருந்துவிட்டு, தன்னால் மகளின் வாழ்வு கெட்டுவிடக் கூடாது என்று மகளைத் தன்னிடமிருந்து தானே பிரித்து அனுப்பும் கதை. 1937இல் கிங் விடார் இயக்கினார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு ஸ்டான்விக்கின் மேல் நம்பிக்கை இல்லாததால், அதற்குள் பெரிய நட்சத்திரமாகிவிட்ட அவரைத் திரைச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே வேடத்தைக் கொடுத்தார். அந்த வேடத்துக்காக ஸ்டான்விக் உடம்பைப் பருமனாகக் காட்டும் அடைப்புகளைக் கட்டிக்கொண்டு, அழகைக் கெடுத்துக்கொள்ளத் தயங்காமல் நடித்தார். அப்போது அவருக்கு முப்பது வயது.

இரண்டு காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது ரயிலில் நடப்பது. படுக்கைத் திரைக்குப் பின்னால் ஸ்டெல்லா படுத்திருக்க, மகளின் தோழிகள் அவளுடைய உடையையும் நடையையும் கேலி செய்வது அவள் காதில் விழுகிறது. அம்மாவும் கேட்டிருப்பாளோ என்று பதறி மகள் வந்து பார்க்கும்போது, ஸ்டெல்லா தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்கிறாள். வசனமே இல்லாத அந்த முகத்தில், அவமானத்தைவிட, மகளுக்கு இது தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது இறுதிக் காட்சி. மகளின் திருமணத்தை வெளியே மழையில் நின்று, வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, சன்னல் வழியாகப் பார்க்கிறாள். கூட்டத்தை நகரச் சொல்லும் காவலரிடம், மாப்பிள்ளை முத்தமிடும்போது பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். கைக்குட்டையின் முனை பற்களுக்கிடையில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் திரும்பி நடக்கிறாள். அழுதுகொண்டு நடப்பாள் என்று நாம் எதிர்பார்த்திருக்க, கேமராவை நோக்கி வரும் அந்த முகம் வெற்றிபெற்றவளின் முகமாக மலர்ந்திருக்கிறது, நடையிலும் ஒரு துள்ளல் இருக்கிறது. அந்த நடை இல்லாவிட்டால் இந்தப் படம் வெறும் கண்ணீர்க் கதையாக முடிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

1941ஆம் ஆண்டை அவருடைய பொற்காலம் என்று ஏன் சொல்கிறார்கள்?

அந்த ஓராண்டில் அவருடைய நான்கு படங்கள் வெளிவந்தன. அவற்றுள் மூன்று இன்றும் பேசப்படுகின்றன: காப்ராவின் 'மீட் ஜான் டோ', பிரஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்', ஹோவர்ட் ஹாக்ஸின் 'பால் ஆஃப் ஃபயர்'.

'தி லேடி ஈவ்' பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கப்பலில் பணக்காரர்களைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றும் ஜீன் என்ற பெண்ணாக ஸ்டான்விக்கும், பாம்புகளை ஆராய்வதைத் தவிர வேறொன்றும் அறியாத, பீர் ஆலை அதிபரின் மகனாக ஹென்றி ஃபோண்டாவும் நடித்திருக்கிறார்கள். கப்பலின் உணவுக்கூடத்தில் ஃபோண்டா புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். பின்மேசையில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கும் ஜீன், பவுடர் டப்பாவின் சிறு கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, அவரைக் கவர முயலும் ஒவ்வொரு பெண்ணையும் அதிலேயே பார்த்து, அவர்கள் என்ன பேசுவார்கள், அவர் என்ன நினைப்பார் என்று எல்லோருக்குமாகத் தானே குரல் கொடுக்கிறாள். நாமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறோம். அவர் எழுந்து வெளியே போகும்போது இவள் ஒரு காலைச் சற்றே நீட்டுகிறாள், அவர் குப்புற விழுகிறார், செருப்பின் குதியை உடைத்துவிட்டதாக அவரையே குற்றம் சாட்டி அறைக்கு அழைத்துப்போகிறாள். இவ்வளவும் ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிடும். இத்தனை வேகமாகப் பேசும்போதும் ஒரு சொல்கூடக் காதில் மங்காமல் விழுவதும், அந்த வேகத்துக்கு அடியில் இவளுக்கு இவன்மேல் மெய்யாகவே மனம் இளகத் தொடங்கிவிட்டது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதும் சாதாரணத் திறமை அல்ல.

இந்தப் படத்துக்கு உடை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். அதுவரை நாகரிக உடைகளுக்குப் பெயர்பெறாத ஸ்டான்விக்கின் உடலமைப்பை அளந்து பார்த்து, இடைப்பட்டையை வைக்கும் இடத்தை மாற்றித் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் ஸ்டான்விக் அவரை விடவேயில்லை.

'டபுள் இண்டெம்னிட்டி' என்றால் என்ன பொருள்? அந்தப் படத்தில் அவர் செய்த புதுமை என்ன?

ஆயுள் காப்பீட்டில், விபத்தால் இறந்தால் இரு மடங்குத் தொகை தரும் பிரிவைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நம் ஊர்க் காப்பீட்டுப் பத்திரங்களில் 'இரட்டை விபத்துப் பலன்' என்று இருப்பது இதுதான். கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் காப்பீடு எடுக்க வைத்து, ரயிலிலிருந்து விழுந்து இறந்ததுபோல் கொலையை அமைக்கும் பில்லிஸ் என்ற மனைவியும், அவளுடைய வலையில் விழும் காப்பீட்டு முகவர் வால்டரும்தான் கதை மாந்தர்கள். ஜேம்ஸ் எம். கெயினின் கதையை பில்லி வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் திரைக்கதையாக்க, வைல்டர் இயக்கி 1944இல் வெளியிட்டார்.

இந்த வேடத்தை ஏற்க ஸ்டான்விக் முதலில் அஞ்சினார். அதுவரை தவறு செய்யும் பெண்களாக நடித்திருந்தாலும், இரக்கத்துக்குச் சற்றும் இடம் இல்லாத கொலைகாரியாக நடித்ததில்லை. தயக்கத்தை வைல்டரிடம் வெளிப்படையாகச் சொன்னபோது, நீங்கள் எலியா, நடிகையா என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும், நடிகைதான் என்று சொல்லி ஒப்புக்கொண்டதாகவும் ஸ்டான்விக் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொய்யாகவே தோன்ற வேண்டும் என்று ஒரு பொன்னிறத் தலைமுடியை வைல்டர் அவருக்கு அணிவித்தார். அதைப் பார்த்த ஸ்டுடியோ மேலாளர், ஸ்டான்விக்கை ஒப்பந்தம் செய்தால் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறாரே என்று புலம்பினார் என்பது ஹாலிவுட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தத் தலைமுடி நெருடுகிறது என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. மேலிருந்து கீழ்வரை மலிவான பொய்யாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் இருக்க முடியாது என்பதே என் கட்சி.

கொலைக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரவு நேரம். காரை பில்லிஸ் ஓட்டுகிறாள், கணவன் பக்கத்து இருக்கையில், வால்டர் பின்னிருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கிறார். குறிப்பிட்ட இடம் வந்ததும் அவள் மூன்று முறை ஹாரனை அழுத்துகிறாள். அடுத்து நடப்பதை நாம் பார்ப்பதில்லை. கேமரா பில்லிஸின் முகத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் கழுத்து நெரிபடும் ஓசை கேட்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்வை சாலையில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணிலும் உதட்டோரத்திலும் ஏதோ ஒரு நிறைவு மெல்லப் படர்கிறது. சாதாரண நடிகை ஒருவர் அங்கே அச்சத்தையோ குரூரத்தையோ காட்டியிருப்பார். ஸ்டான்விக் காட்டுவது நெடுநாள் காத்திருந்த ஒரு வேலை முடிந்தது என்பதை மட்டும்தான். பிற்காலத்தில் கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களில் வந்த வஞ்சக நாயகிகள் பலரும் இந்த முகத்திலிருந்தே பிறந்தவர்கள்.

இத்தனை நடித்தும் அவருக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லையா?

போட்டியில் கிடைக்கவில்லை. 'ஸ்டெல்லா டாலஸ்', 'பால் ஆஃப் ஃபயர்', 'டபுள் இண்டெம்னிட்டி', 1948இல் வந்த 'சாரி, ராங் நம்பர்' ஆகிய நான்கு படங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த நான்கு ஆண்டுகளிலும் முறையே லூயிஸ் ரெய்னர், ஜோன் ஃபான்டெய்ன், இங்கிரிட் பெர்க்மன், ஜேன் வைமன் ஆகியோர் பரிசைப் பெற்றார்கள். வென்றவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் 1944ஆம் ஆண்டுக்கான முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதற்கு அவர் எந்த ஸ்டுடியோவையும் சாராமல் இருந்தது காரணமா?

ஓரளவுக்கு ஆம் என்றே நினைக்கிறேன். அந்நாளில் பெரிய நட்சத்திரங்கள் ஒரே ஸ்டுடியோவுடன் ஏழாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருப்பார்கள். கொடுக்கும் வேடத்தை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். மாறாக, அந்த ஸ்டுடியோ அவர்களுக்கென்று ஒரு முகத்தை உருவாக்கி, ஒளியமைப்பிலிருந்து விளம்பரம் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், விருதுக் காலத்தில் பின்னால் நின்று பாடுபடும். ஸ்டான்விக் தொடக்கத்திலிருந்தே தன்னை ஒரே நிறுவனத்துக்கு முழுதாக எழுதிக்கொடுக்கவில்லை. 1930களின் நடுப்பகுதிக்குப் பின் கொலம்பியா, பாரமவுண்ட், ஆர்.கே.ஓ., ஃபாக்ஸ், வார்னர் என்று நல்ல வேடம் எங்கே இருந்ததோ அங்கே போனார்.

இதனால் அவருக்குக் கிடைத்தது சுதந்திரம். நகைச்சுவைக்கு அடுத்த மாதம் குற்றப்படம், அதற்கடுத்து 'வெஸ்டர்ன்' எனப்படும் மேற்குத்திசைக் குதிரைப்படம் என்று அவரால் மாறிக்கொண்டே இருக்க முடிந்தது. பணத்திலும் அவர் தாழவில்லை: 1944இல் ஏறத்தாழ 4,00,000 டாலர் ஈட்டி, அமெரிக்காவிலேயே மிக அதிகம் சம்பாதிக்கும் பெண் என்று அரசின் வருமானக் கணக்கில் இடம்பெற்றார். இழந்தது, ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய ஒரு பிம்பத்தை. அக்கால நடிகையருள் கிரேட்டா கார்போ என்றால் மர்மம், கேதரின் ஹெப்பர்ன் என்றால் நிமிர்வு என்று சொல்லிவிடலாம். ஸ்டான்விக் என்றால் என்ன என்று கேட்டால், எந்தப் படத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நம்மில் பலருக்கு அவர் பெயர் தாமதமாக வந்து சேர்வதற்கும், வந்து சேர்ந்த பிறகு விட்டுப் போகாததற்கும் இதுவே காரணம்.

படப்பிடிப்புத் தளத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார்?

ஹாலிவுட்டில் அவரைப் பற்றித் தளத் தொழிலாளர்கள் குறை சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. தன்னுடைய வசனத்தை மட்டுமன்றி முழுத் திரைக்கதையையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார், குறித்த நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார், விளக்கு பிடிப்பவர் முதல் தச்சர் வரை எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார். அவர்களும் அவரை 'மிஸ்ஸி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

உடல் துணிவும் குறைவில்லை. சாமுவேல் ஃபுல்லரின் 'ஃபார்ட்டி கன்ஸ்' 1957இல் வந்தது. குதிரைச் சேணத்தின் மிதிவளையத்தில் கால் சிக்கித் தரையில் இழுபடும் காட்சி ஒன்று அதில் உண்டு. டூப் போடாமல், ஐம்பது வயதை நெருங்கிய ஸ்டான்விக்கே அதில் நடித்தார், ஒருமுறையோடு நிற்கவும் இல்லை. சிறுவயதிலிருந்தே அவர் மேற்குத்திசைக் கதைகளின் மேல் பித்துக் கொண்டிருந்தவர். 1935இல் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியாக நடித்ததில் தொடங்கி அந்த வகைப் படங்களை எவரும் கேட்காமலே விரும்பித் தேடினார்.

தொலைக்காட்சிக்குப் போனது வீழ்ச்சியா?

ஐம்பதைத் தாண்டிய நடிகைகளுக்குத் திரைப்படத்தில் நல்ல வேடம் எழுதப்படுவது நின்றுபோன காலம் அது. அந்தத் தலைமுறையில் பலர் அரைமனத்தோடு திகில் படங்களில் ஒதுங்கினார்கள். ஸ்டான்விக்கும் ஒன்றிரண்டு செய்தார். ஆனால் 1965 முதல் 1969 வரை 112 பகுதிகள் ஒளிபரப்பான 'தி பிக் வேலி' தொடரில், கலிபோர்னியாவின் பெரும் பண்ணையொன்றை ஆளும் விக்டோரியா பார்க்லி என்ற கைம்பெண்ணாக வந்து, குதிரையேறி, துப்பாக்கி ஏந்தி, வளர்ந்த பிள்ளைகளை அதட்டி வழிநடத்தினார். அதற்காக 1966இல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வழங்கப்படும் எம்மி விருது பெற்றார். அதற்கு முன் தன் பெயரிலேயே நடத்திய தொடருக்காக 1961இலும், அதற்குப் பின் 'தி தார்ன் பேர்ட்ஸ்' குறுந்தொடருக்காக 1983இலும் எம்மி கிடைத்தது. எனவே வீழ்ச்சி என்ற சொல் இங்கே பொருந்தாது.

அவருடைய மணவாழ்க்கை?

மேடைக் கலைஞர் பிராங்க் ஃபேவை 1928இல் மணந்தார், 1935இல் மணமுறிவு ஏற்பட்டது. நடிகர் ராபர்ட் டெய்லரை 1939இல் மணந்து 1951இல் பிரிந்தார். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மற்றவற்றைப் பேசி நாம் அடையப்போவது ஒன்றுமில்லை.

வில்லியம் ஹோல்டனுக்கும் அவருக்கும் இடையிலான நட்பைப் பற்றி அடிக்கடி சொல்கிறார்களே?

சொல்லத்தான் வேண்டும். 1939இல் 'கோல்டன் பாய்', அதாவது 'தங்கப் பையன்' என்ற படத்தில் புதுமுகமாக வந்த ஹோல்டன், முதல் நாட்களில் தடுமாறியதால் அவரை நீக்கிவிட ஸ்டுடியோ முடிவெடுத்தது. படத்தின் பெரிய நட்சத்திரமான ஸ்டான்விக் அதை எதிர்த்து நின்றார். படப்பிடிப்பு முடிந்த பிறகும் அந்த இளைஞரோடு அமர்ந்து அடுத்த நாள் காட்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஹோல்டன் நிலைபெற்றார், பெரும் நடிகரானார், ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படப்பிடிப்புத் தொடங்கிய நாளில் ஸ்டான்விக்குக்கு மலர்கள் அனுப்பிவந்தார்.

1978இல் ஆஸ்கர் மேடையில் இருவரும் சேர்ந்து ஒரு விருதை வழங்க வந்தபோது, எழுதிக்கொடுத்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, தம்முடைய வாழ்க்கையையே காப்பாற்றியவர் இவர் என்று ஹோல்டன் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். சற்றும் எதிர்பாராத ஸ்டான்விக் கண்கலங்கி அவரைத் தழுவிக்கொண்டார். 1981 நவம்பரில் ஹோல்டன் இறந்துபோனார். சில மாதங்களில், 1982 மார்ச்சில், ஸ்டான்விக்குக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டது. சிவப்பு உடையில் மேடைக்கு வந்து, தயாரிப்பாளர்களுக்கும் தளத் தொழிலாளர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு, இதே மேடையில் தன்னோடு நின்ற ஹோல்டனை நினைவுகூர்ந்து, தனக்கு ஆஸ்கர் கிடைக்க வேண்டும் என்று அவர் எப்போதும் விரும்பியதைச் சொல்லி, என் தங்கப் பையனே, உன் விருப்பம் இன்று நிறைவேறிவிட்டது என்று சிலையை உயர்த்திக் காட்டினார்.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர் எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'தி லேடி ஈவ்' படத்தில் தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே அவரோடு பழக்கமாகிவிடுவீர்கள். அடுத்த நாளே 'டபுள் இண்டெம்னிட்டி' பாருங்கள். முந்தைய நாள் பார்த்தவர்தானா இவர் என்ற ஐயம் வரும். 'ஸ்டெல்லா டாலஸ்' படத்தை வீட்டில் ஆட்கள் இல்லாத ஒரு மாலைக்கு ஒதுக்கி வையுங்கள். இவற்றுக்குப் பிறகு 'பால் ஆஃப் ஃபயர்', 'பேபி ஃபேஸ்', ஆன்டனி மேன் இயக்கி 1950இல் வந்த 'தி ஃபியூரிஸ்' என்று உங்கள் விருப்பம்போல் போகலாம். 'சாரி, ராங் நம்பர்' படத்தில் நோயாளியாகப் படுக்கையில் கிடந்து, தொலைபேசி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் படும் திகிலை விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

அவருடைய இறுதிக்காலம் எப்படி இருந்தது? நினைவிடம் எங்கே இருக்கிறது?

1987இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் சாதனை விருதை வழங்கியபோது, முதுகுவலியால் மருத்துவமனையில் இருந்த அவர் அங்கிருந்தே விழாவுக்கு வந்து பெற்றுச் சென்றார். 1990 ஜனவரி 20ஆம் நாள் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் காலமானார். கல்லறை வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். உடல் எரியூட்டப்பட்டு, மேற்குத்திசைப் படங்கள் பல எடுக்கப்பட்ட லோன் பைன் பகுதியில், சியரா நெவாடா மலைகளுக்குக் கீழே, அவர் குதிரையேறித் திரிந்த அந்த மண்ணில் சாம்பல் தூவப்பட்டது.